ஒருங்கே சமுகமாயிருந்து

உறுதியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் வரும்.
பத்தொன்பது வருடத்தில் நான் அதை வாசித்ததில்லை,
எழுதியிருக்கிறேன்:
“மேற்படி சாட்சிகள் முன்னும் என் முன்னும்
எல்லோரும் ஒரே வேளையில்
ஒருங்கே சமுகமாயிருந்து ஒப்பமிட்டனர்.”
கொம்பியூட்டரில் அது எப்போதும் கிடக்கும்.
பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.

புதுக்கடையில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே,
நாலு சட்டத்தரணிகளுக்கு ஒரு மின்விசிறி.
வெள்ளிக்கிழமை, மழை.
மேசையில் ஒரு மஸ்கட் பெட்டி.
லிகிதர் கிங்ஸ்லி நனைந்த கோப்போடு ஏறி வந்தார்.
“ஆள் ஆஸ்பத்திரியில, மிஸ். வர ஏலாது.
ஒப்பம் எடுத்துக்கொண்டு வந்திட்டன்.”
சாட்சிகள் இருவரும் முதல்நாளே
தேத்தண்ணிக்கடை வாங்கில் இருந்து போட்டுவிட்டார்கள்.
அவர்களுக்கு அது தொழில். தலைக்கு ஐந்நூறு.

கொட்டாஞ்சேனையில் இரண்டே முக்கால் பேர்ச்.
வடக்கே வடிகான். கிழக்கே பதினான்காம் இலக்கம்.
தெற்கே பொதுச்சுவர்.
மேற்கே ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய வழி.
விற்பவர்: அந்தோனியாப்பிள்ளை ரெஜினா.
முதல் எழுத்தே நடுங்கியிருந்தது.
நோயாளியின் கை நடுங்கும்தானே?
நானே கேட்டு, நானே பதில் சொல்லி,
நானே ஏற்றுக்கொண்ட சாட்சியம்.
முத்திரை குத்தினேன். மின்சாரம் போய் வந்தது.

நாலு வருடம் கழித்து மாவட்ட நீதிமன்றம்.
ரெஜினாவின் மகள் வழக்காளி.
தாயின் வலக்கை புதன்கிழமையே விழுந்துவிட்டதென்று
வாட்டுக் குறிப்பின் பிரதி வைத்திருந்தாள்.
அப்படியானால் பேனாவைப் பிடித்தது யார்?
எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

முதல்நாள் கன்டீனில் சக சட்டத்தரணி ஒருவர்
(நல்ல மனிதர், பெயர் வேண்டாம்,
என் மகனுக்குப் பள்ளிக்கூடம் எடுத்துத் தந்தவர்)
கட்லட்டைப் பிய்த்தபடி சொன்னார்:
“ஞாபகமில்லை என்பது பொய்யில்லை.
மூவாயிரம் உறுதி முடித்திருக்கிறீர். எவருக்கு ஞாபகம் நிற்கும்?”
சரிதான். எத்தனை கட்சிக்காரருக்கு
இதையே நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்,
சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்லத்தக்க விதமாய்.

சாட்சிக்கூட்டுக்கு மூன்று படிகள்.
கறுப்புக் கோட்டு இல்லாமல் ஏறினேன்.
கைப்பிடி மரம் வழுவழுப்பாயிருந்தது,
நான் குறுக்கு விசாரணை செய்தவர்களின் வியர்வையும்
அதில் ஊறியிருக்கும்.
கேள்வி சிங்களத்தில் வந்தது. விளங்கியது.
ஆனாலும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன்,
ஒரு மூச்சு அவகாசத்துக்காக.
“எல்லோரும் ஒரே வேளையில் அங்கே இருந்தார்களா?”

“இல்லை.”

தட்டச்சுக்காரி நிமிர்ந்தாள்.
கேள்வி விளங்கியதா என்று நீதிபதி கேட்டார்.
விளங்கியது, கனம் நீதிபதி அவர்களே.
விளங்கத்தான் இத்தனை காலம் எடுத்தது என்று
நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும்.
உண்மை சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வெளியே படிக்கட்டில் றஸீன் குந்தியிருந்தார்.
வாழைத்தோட்டத்துத் தையற்காரர்.
இரண்டு மெஷினை விற்று அந்த வீட்டை வாங்கி,
பொதுச்சுவருக்கும் சேர்த்துப் பச்சை அடித்தவர்.
என் ஒரு சொல்லால் அது இனி அவருடையதல்ல.
இல்லை, அன்றைய முத்திரையால்.
பேசுவாரென்று நின்றேன். பேசட்டும்.

“மிஸ், அண்டைக்கி நான் வந்தன்தானே?
மஸ்கட்டும் கொண்டுவந்தன்.”

வாங்குபவர் ஒப்பமிடத் தேவையில்லை.
அவர் இருந்தாரா என்று உறுதி கேட்பதில்லை,
மன்றிலும் எவரும் கேட்கவில்லை.
அன்று மூன்றரை மணியிலிருந்து
ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு
அந்த அறையில் சமுகமாயிருந்தவர் அவர் ஒருவர்தான்.

“ஓம். வந்தீங்கள்” என்றேன்.

தலையாட்டினார்,
யாரோ ரசீது எழுதிக் கொடுத்ததுபோல.